சுசுகி ஜிம்னி: பழசா, புதுசா?

ஜிம்னி ஒரு சிறிய ஜீப் வகை வண்டி. 1998-இல் வந்த பழைய தலைமுறைக்கும் 2018-இல் வந்த புதிய தலைமுறைக்கும் ஏணிச் சட்டம் (ஏணி வடிவ அடிச்சட்டம்), திட அச்சு (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே தண்டு), 2250 மிமீ வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) எல்லாம் பொது. என்ஜின் 1.3 லிட்டரிலிருந்து 1.5-ஆகி, 102 குதிரைத்திறன் தருகிறது. நெடுஞ்சாலையில் இரண்டுமே மூச்சு வாங்கும்.

பழையதை வாங்குவதானால் முன் அச்சைப் பாருங்கள். ஒரு குழியில் ஏறி இறங்கியதும் ஸ்டியரிங் வெறி பிடித்தது போல ஆடினால், கிங்பின் பேரிங் (முன் சக்கரம் திரும்பும் முளையின் தாங்கி) தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தால் தெரிந்துவிடும். ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்கும் டேம்பரை மட்டும் மாற்றுவது நோயை மூடி மறைக்கும் வேலை. நான்கு சக்கர இயக்கத்துக்கு (4டபிள்யூடி) பொத்தான் வைத்த மாடல்களில் அதன் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால், முதலில் முன் சக்கரத்தை அச்சோடு இணைக்கும் ஹப்புக்குப் போகும் வேக்குவம் குழாயில் வெடிப்பு தேடுங்கள். ரப்பர் மலிவு, ஹப் விலை அப்படியில்லை.

புதியதில் பொத்தானுக்குப் பதில் நெம்புகோல் திரும்பி வந்திருக்கிறது, நிம்மதி. குறுக்கெதிரே உள்ள இரண்டு சக்கரங்கள் அந்தரத்தில் சுழன்றால் பிரேக் அவற்றைப் பிடித்து மறுபக்கச் சக்கரங்களுக்கு விசையை அனுப்பும். பழையதில் பெரும்பாலும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். ஆனால் பின்சீட்டை நிமிர்த்தினால் டிக்கியில் மிஞ்சுவது 85 லிட்டர். இரண்டு காய்கறிப் பை!

கியர்பெட்டி சரியாக இருந்து, சட்டத்தில் துரு இல்லாவிட்டால் பழையதே போதும். தானியங்கிதான் வேண்டுமென்றால் இரண்டிலும் நான்கே கியர்.