பழைய கன்வெர்டிபிள் கார்: பெங்களூரில் என்னென்ன கெடும், எவ்வளவு ஆகும்

பழைய சொகுசு கார் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் போடும் கணக்கு ஒன்றுதான். புதிதில் 70 லட்சம் ரூபாய்க்கு விற்ற வண்டி, பத்து வருடம் ஓடியபின் 24 லட்சத்துக்குக் கிடைக்கிறதே! கிடைக்கும். ஆனால் விலை இறங்குவது வண்டிக்குத்தான். உதிரிபாகங்கள் 70 லட்ச ரூபாய் வண்டிக்கு உரிய விலையிலேயே இருக்கும், யூரோ ஏறினால் கூடவே ஏறும். இது ஊரறிந்த சங்கதி. கூரை திறக்கும் காருக்கு இன்னொரு சங்கதியும் உண்டு: ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவது அதிகம். நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி அலுவலகம் போகிறவர் யாரும் வார நாளில் இந்த வண்டியை எடுக்கமாட்டார். ஐந்து நாள் அது சும்மா நிற்கும். பழுதுகளில் பாதி அந்த ஐந்து நாளில்தான் பிறக்கின்றன.

என்னுடையது 2011ஆம் ஆண்டு ஜெர்மன் வண்டி. இரண்டே இருக்கை, மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ என்ஜின், பொத்தானை அழுத்தினால் மடிந்து டிக்கிக்குள் போகும் உலோகக் கூரை. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்தக் கட்சிக்காரர்களும் எதிர்க்கட்சிக்காரர்களும் சண்டைக்கு வந்துவிடுவார்கள். பழுதைப் பற்றிய பேச்சு அடிபட்டுப்போகும். அந்தக் காலத்து உலோகக் கூரை வண்டிகள் எல்லாவற்றுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

கூரையிலிருந்து தொடங்குகிறேன். 1996இல் மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. வந்தபின் மடங்கும் உலோகக் கூரை ஒரு மோகமாயிற்று. பிறகு 2018இல் வெளியான பிஎம்டபிள்யூ இசட்4, 2021இல் வெளியான மெர்சிடிஸ் எஸ்.எல். இரண்டும் துணிக்கூரைக்கே திரும்பிவிட்டன. செய்தவர்களே கைவிட்ட ஏற்பாட்டைத்தான் நாம் பழையதாக வாங்கிப் பராமரிக்கிறோம்.

முதல் எதிரி மரம். இந்த ஊரில் நிழல் தேடித்தான் எல்லோரும் வண்டியை நிறுத்துவார்கள். தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகள் மழைத் தண்ணீரோடு சேர்ந்து கூரை விளிம்பில் உள்ள வடிகால் துளைக்குள் இறங்கிவிடும். சுண்டுவிரல்கூட நுழையாத துளை அது. உள்ளே போன இலை அழுகி, காப்பித்தூள் நிறத்தில் சேறாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும். அடுத்த மழையில் தண்ணீருக்குப் போக வேறு வழியில்லாமல் டிக்கியின் அடித்தளத்தில் தேங்கும். பேட்டரியும் மின்னணுப் பெட்டிகளும் இருப்பது அங்கேதான். மே மாத இடி மழைக்கு முன்பும் ஐப்பசி மழைக்கு முன்பும் தடித்த தூண்டில் நரம்பை விட்டுக் குழாயைச் சுத்தம் செய்துவிடுகிறேன். செலவு ஒன்றுமில்லை. காற்றடித்துச் சுத்தம் செய்ய யாரையும் விடாதீர்கள். உள்ளே இணைப்பிலிருந்து குழாய் கழன்றால் இருக்கைக்குப் பின்னால் முழுவதும் பிரிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, கூரையை அசைக்கும் ஹைட்ராலிக் ஆயிலின் கசிவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நந்தி மலை அடிவாரத்தில் கூரை பாதி வழியில் நின்றுவிட்டது. கையால் மூடிக்கொண்டு திரும்பினோம். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்தில் கொடுத்த மதிப்பீடு 3,40,000 ரூபாய்: பம்ப், சிலிண்டர்கள், குழாய்கள் அனைத்தும் புதிது. வில்சன் கார்டனில் பட்டறை வைத்திருக்கும் வாணியம்பாடிக்காரர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. டிக்கியின் உறையைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கு அடியிலும் பழைய செய்தித்தாளை மடித்து வைத்து, மறுநாள் வரச் சொன்னார். மறுநாள் காலையில் இரண்டு மடிப்பில் மட்டும் எட்டணா அகலத்துக்கு எண்ணெய் ஊறியிருந்தது.

“பம்ப்பின் மேல் பழி போடாதீர்கள் சார். எண்ணெய் போகும் இடம் இதோ இருக்கிறது” என்றார்.

அந்த இரண்டு சிலிண்டர்களுக்கும் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் மாற்றி, புது ஆயில் ஊற்றி, மொத்தம் 38,000 ரூபாய் வாங்கினார். சீலின் விலை சில நூறு ரூபாய்தான். மீதி முழுவதும் பிரித்துப் பூட்டும் கூலி. பேசாமல் கொடுக்கலாம். கூரையை அசைக்காமல் வைத்திருந்தால் சீல் காய்ந்து இறுகிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். வெளியே போனாலும் போகாவிட்டாலும் வாரம் ஒருமுறை என்ஜினை ஓடவிட்டுக் கூரையைத் திறந்து மூடுகிறேன். ரப்பர் விளிம்புகளுக்கு மாசி பிறப்பதற்குள் சிலிக்கான் கிரீஸ் தடவிவிட வேண்டும். இந்த ஊர்ப் பங்குனி வெயில் பார்க்கச் சாது, ரப்பருக்கு யமன்.

கூரை நகரவே மறுத்தால் உடனே பயந்துவிடாதீர்கள். டிக்கிக்குள் சாமானையும் கூரையையும் பிரிக்கும் தடுப்புத் திரை சரியாக மாட்டப்படவில்லை என்றாலும் நகராது; பேட்டரி தளர்ந்திருந்தாலும் நகராது. அதற்குப் பின்னும் மறுத்தால் டிக்கிக் கீலில் மடிந்து மடிந்து அறுந்த மின்கம்பியைச் சந்தேகிக்க வேண்டும். அதைச் சரிசெய்ய 9,000 ரூபாய் ஆயிற்று.

என்ஜின் பக்கம் அச்சம் அதிகம், தொல்லை குறைவு. கன்வெர்டிபிளில் ஒரு வசதி: ஆயில் கசிவு கண்ணுக்குத் தெரியுமுன் மூக்குக்குத் தெரிந்துவிடும். சிக்னலில் கூரை திறந்து நிற்கும்போது கருகிய எண்ணெய் வாடை வந்தால் வால்வு மூடியின் கேஸ்கெட் என்ற கசிவுத்தடுப்பிலிருந்து வழிந்து சூடான பகுதியில் படுகிறது என்று பொருள். எனக்கு 16,500 ரூபாயில் முடிந்தது. என்ஜினைக் குளிர்விக்கும் நீரைச் சுற்றவிடும் மின்சார வாட்டர் பம்ப்தான் உண்மையான எமன். அது முன்னறிவிப்பு இல்லாமல் நிற்கும். பேராசையோடு இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டினால் என்ஜினின் தலைப்பகுதி வளைந்துவிடும். 80,000 கி.மீ. தாண்டிய வண்டியில் கெடும்வரை காத்திராமல் தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. வெளிப் பட்டறையில் 48,000 ரூபாய். கார் நிறுவனத்தின் முத்திரை போட்ட பெட்டியில் வரும் பல பாகங்களைச் செய்வது போஷ், மான் போன்ற நிறுவனங்கள். அவர்களுடைய சொந்தப் பெட்டியில் அதே ஃபில்டர் ஜே.சி. ரோட்டுக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

டயர் தனிக் கதை. கூரைக்கே டிக்கி போய்விடுவதால் மாற்றுச் சக்கரம் கிடையாது. பஞ்சரானாலும் ஓடும் ரன்ஃபிளாட் டயர்தான். பின் டயர் முன் டயரைவிட அகலம் என்பதால் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன்செய்ய முடியாது. பின்னால் ஒன்று 31,000 ரூபாய். பழைய வண்டி பார்க்கும்போது டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2419 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 24ஆவது வாரம் செய்தது. நின்றே இருந்த வண்டியில் டயரின் வரிப்பள்ளம் தேயாமல் ஆழமாக இருக்கும், ஆனால் ரப்பர் கல்லாகியிருக்கும். சாலைப் பள்ளத்தில் இறங்கி அலாய் சக்கரம் வளைவது இங்கே தவிர்க்க முடியாதது. நிமிர்த்த ஒன்றுக்கு 4,500. விரிசல் விட்டதை மட்டும் ஒட்டவைத்து ஓட்டாதீர்கள்.

பேட்டரி, நிற்கும் வண்டியின் நோய். புதிது 28,000, மாற்றிய செய்தியை வண்டியின் கம்ப்யூட்டருக்கும் பதிய வேண்டும், இல்லாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் செய்யும். மெதுவாகச் சார்ஜ் ஏற்றும் சின்னக் கருவி 9,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைச் செருகப் பிளக் வேண்டும், பிளக்குக்குக் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் அனுமதி வேண்டும். வண்டியில் செய்த எந்த வேலையும் இவ்வளவு நாள் இழுத்ததில்லை.

வாங்கும் இடத்தில் இரண்டு எச்சரிக்கை. டெல்லியில் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால் அங்கிருந்து மலிவாக வரும் கார்கள் கண்ணை இழுக்கும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தே ஆகவேண்டும். கர்நாடகத்தின் ஆயுள் வரி, 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் கார்களுக்கு 18 சதவிகிதம் என்பதிலிருந்தே அதன் சுமை புரியும். வெளிமாநில வண்டிக்கு வயதைப் பார்த்துக் குறைப்பார்கள், ஆனாலும் மலிவாக வந்த லாபத்தில் பெரும் பங்கு அதில் கரையும். ஆகவே கே.ஏ. எண் உள்ள வண்டியையே தேடினேன். அடுத்தது வெள்ளம். 2022 செப்டம்பரில் யமலூர்ப் பக்கம் சொகுசு வீடுகளோடு சொகுசு கார்களும் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து, கடைசி அரையடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். கம்பளத்தை மாற்றுகிறவர்கள் அதை மறந்துவிடுவார்கள்.

பெட்ரோலைத் தவிர்த்து, இன்சூரன்ஸையும் சேர்த்து, நல்ல வருடத்தில் ஒன்றேகால் லட்சம், கூரை பழுதான வருடத்தில் இரண்டரை லட்சம் ஆகியிருக்கிறது. வருடத்துக்கு இரண்டு லட்சத்தைத் தனியாக எடுத்துவைக்க முடியாதவர் 24 லட்சம் கையிலிருந்தாலும் இதை வாங்க வேண்டாம். அந்தப் பணத்துக்குப் புதிய கார் ஒன்று உத்தரவாதத்தோடு கிடைக்கும்.

இப்போது நிலுவையில் இருப்பது கியர்பாக்ஸ் ஆயில். “இது வாழ்நாள் முழுவதும் வரும், மாற்ற வேண்டாம்” என்று சர்வீஸ் நிலையத்தில் சொல்கிறார்கள். பல கார்களுக்குக் கியர்பாக்ஸ் செய்யும் இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு ஆண்டில் மாற்றச் சொல்கிறது. நான் செய்கிறவர் பேச்சைத்தான் கேட்கப்போகிறேன். வாணியம்பாடிக்காரர் 42,000 கேட்டிருக்கிறார். ஃபில்டரோடு சேர்த்துத்தானா என்று இன்னும் பேச வேண்டியிருக்கிறது.