கழுத்துக் கட்டிக்கு ஊசி குத்தினார்களா? ரிப்போர்ட்டைக் கையில் வாங்காமல் ஆபரேஷனுக்குச் சம்மதிக்காதீர்கள்

சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள், முக்கியமாக வீட்டில் யாருக்காவது தைராய்டு கட்டி இருந்தால், இதைப் படியுங்கள்.

என் அண்ணிக்குக் கழுத்தில் கட்டி. இங்கே ஒரு தனியார் டாக்டர் ஸ்கேன் எதுவும் வைக்காமல் கையால் தடவிப் பார்த்தே ஊசி குத்திச் செல் மாதிரி எடுத்தார். ரிசல்ட் வந்ததும், "சந்தேகமா இருக்கு, கேன்சர் இல்லன்னு சொல்ல முடியாது, தைராய்டை முழுசா எடுத்துடலாம்" என்று சொல்லி, அன்றைக்கே முன்பணம் கட்டச் சொல்லிவிட்டார். அண்ணன் செம்பனைக் குலை வெட்டுகிறவர். பயத்தில் அண்ணியின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினார்.

ரிப்போர்ட்டைக் கேட்டால் "உங்களுக்குப் புரியாது" என்றார்கள். நான் விடவில்லை, கவுண்டரிலேயே நின்று நகல் வாங்கினேன். அதில் சந்தேகம் என்ற பேச்சே இல்லை. பெதஸ்டா 1, செல்கள் போதவில்லை, மறுபடி எடுக்கவும், அவ்வளவுதான்!

பெதஸ்டா என்பது தைராய்டு ஊசி ரிசல்ட்டை வகைப்படுத்தும் எண், 1 முதல் 6 வரை. 2 என்றால் சாதாரணக் கட்டி, 6 என்றால் புற்றுநோய். 1 என்றால் எடுத்த மாதிரியே சரியில்லை. பத்து செல்லாவது உள்ள கொத்துகள் குறைந்தது ஆறு இருந்தால்தான் பொதுவாக முடிவு சொல்வார்கள். அதனால் 1 வந்தால் நோய் இருக்கிறது என்றும் இல்லை, ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போகவும் முடியாது. அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி மறுபடி குத்த வேண்டும். 3 வந்தாலும் பதற வேண்டாம், 2023 பெதஸ்டா கணக்குப்படி அதில் புற்றுநோய் வாய்ப்பு சராசரி 22 சதவீதம். மறுபடி ஊசியோ மரபணுச் சோதனையோ பார்ப்பார்கள். 4 வேறு விஷயம். கட்டியின் உறையை நோய் துளைத்திருக்கிறதா என்பது ஊசியில் தெரியாது, அதனால் பெரும்பாலும் பாதித் தைராய்டை எடுத்துப் பார்ப்பார்கள். முழுசாக எடுத்துவிட்டால் ஆயுசுக்கும் தினம் மாத்திரை, அதை அண்ணியிடம் யாரும் சொல்லவே இல்லை.

அப்புறம் ஈப்போ அரசாங்க மருத்துவமனைக்குப் போனோம். ஸ்கேன் பார்த்துக்கொண்டே குத்தினார்கள், பெதஸ்டா 2 வந்தது. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், அவ்வப்போது ஸ்கேன் போதும் என்றார்கள்.

அந்தத் தனியார் டாக்டரிடம் கட்டிய முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொள்வார்களாம். சுகாதார அமைச்சுக்குப் புகார் எழுதிவிட்டோம். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் ரிப்போர்ட் நகலையும் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்தே கேட்போம்.