ஓடிப்போன வாலிபனும் இரண்டு பைபிளும்: வாங்க முன்னம் விரித்துப் பார்க்க மூன்று வசனம்

மாற்கு 14:51, 52இல் பெயரில்லாத ஒரு பெடியன் வந்து போகிறான். கெத்சமனேயில் சீடர்கள் எல்லாரும் ஓடின பிறகு, வெறும் உடம்பில் ஒரு துணியைப் போர்த்தபடி இயேசுவுக்குப் பின்னால் போகிறான். பிடிக்கிறார்கள். துணி பிடித்தவர்கள் கையில், ஆள் இருட்டில். மத்தேயுவும் லூக்காவும் இவனைத் தொடவே இல்லை. தவக்காலத்து விவிலிய வட்டத்தில் இந்த இரண்டு வசனத்தையும் எடுத்தால், இவன் யார் என்ற வாதத்தில் அன்றைய கூட்டம் நேரத்துக்கு முடியாது.

அந்த வாதத்துக்கு எந்தத் தமிழ்ப் பைபிள் கைகொடுக்கும் என்பதுதான் இங்கே கேள்வி. யாழ்ப்பாணத்து வீடுகளில் பொதுவாக இருப்பவை இரண்டு. தென்னிந்தியத் திருச்சபை, மெதடிஸ்த, அங்கிலிக்கன் குடும்பங்களில் பவர் ஐயர் குழுவினரின் 1871ஆம் ஆண்டுத் திருப்புதல் (மொழிபெயர்ப்பு), அதாவது 66 புத்தகங்கள் கொண்ட 'பரிசுத்த வேதாகமம்'. கத்தோலிக்க வீடுகளில் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்', 73 நூல்கள். (பீற்றர் பேர்சிவல் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்து 1850இல் வெளிவந்த நம்மூர்த் திருப்புதல் நிலைத்திருந்தால் மூன்றாவதாக அதையும் வைத்துப் பார்த்திருக்கலாம். அது வழக்கில் நிலைக்கவில்லை.)

கடையில் நின்றபடியே மூன்று இடத்தை விரியுங்கள்: 14:51, 15:46, 16:5. கிரேக்கத்தில் பெடியன் போர்த்திருந்த துணியும், அரிமத்தியா யோசேப்பு இயேசுவின் உடலைச் சுற்ற வாங்கிய துணியும் ஒரே சொல்: சிந்தோன். ஓடினவனையும், கல்லறைக்குள் வலப்பக்கம் வெள்ளை உடையோடு இருந்தவனையும் மாற்கு ஒரே சொல்லால் சொல்கிறார்: நெயானிஸ்கொஸ். இந்தச் சொல் மாற்கில் வேறெங்கும் இல்லை. வாதத்தின் முடிச்சு இங்கேதான் கிடக்கிறது.

பழைய திருப்புதல் இந்த முடிச்சை அவிழ விடவில்லை. 14:51இல் 'துப்பட்டி', 15:46இல் 'மெல்லிய துப்பட்டி'. அங்கேயும் 'வாலிபன்', இங்கேயும் 'வாலிபன்'. கிரேக்கம் தெரியாதவருக்கும் காது சொல்லிக் கொடுத்துவிடும். திருவிவிலியத்தில் 'இளைஞர்' இரண்டு இடத்திலும் ஒழுங்காக இருக்கிறார். ஆனால் துணி வெறும் 'துணி' என்ற பொதுச்சொல்லுக்குள் கரைந்து போகிறது. வாசித்துக்கொண்டு போகிறவர் இரண்டையும் சேர்த்துப் பார்க்கமாட்டார். இந்த ஒரு விஷயத்தில் பழையதற்கே புள்ளி.

பழையதிலும் ஒரு ஓட்டை உண்டு. போர்த்திருந்த பெடியனுக்கும் வெள்ளையங்கிக்காரனுக்கும் மாற்கு ஒரே வினையைத்தான் போடுகிறார். தமிழில் அது 'போர்த்துக்கொண்டு' என்றும் 'தரித்தவனாய்' என்றும் பிரிந்துவிட்டது. இன்னொரு தொல்லை 'துப்பட்டி' என்ற சொல்லே. இன்றைய பிள்ளைகளுக்கு அது துப்பட்டாவாகக் கேட்கிறது. சுரிதாருக்கு மேலே போடுகிற சால்வையைக் கட்டிக்கொண்டு எவன் ஓடுவான் என்று சிரிப்பு எழும்பும். வகுப்பு எடுப்பவர் முதல் ஐந்து நிமிடத்துக்குள் இதைத் தீர்க்கவேண்டும். 'சாரத்தை அவிழ்த்து இழுத்துப் போர்த்துக்கொண்டு படுத்தவன் அப்படியே எழும்பி ஓடிவந்த மாதிரி' என்றால் நம்மூரில் எல்லாருக்கும் உடனே விளங்கும். துணியின் தரம் மட்டும் வேறு: சிந்தோன் நல்ல லினன் துணி, ஏழை வீட்டுச் சாமான் அல்ல.

திருவிவிலியம் ஈடுகட்டுவது 'வெறும் உடம்பின்மீது' என்ற சொற்றொடரில். பழையதில் 'மாத்திரம்' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கினதை இது வெளியே எடுத்து வைக்கிறது. இது சின்ன விஷயம் இல்லை. கிரேக்கத்தில் 'கும்னொஸ்' என்றால் எப்போதும் முழு நிர்வாணம் ஆகாது, மேலாடை இல்லாதவனையும் அப்படிச் சொல்வதுண்டு. யோவான் 21:7இல் பேதுரு வள்ளத்தில் நின்ற கோலம் அப்படித்தான் என்று பலர் கொள்கிறார்கள். அதைக் காட்டி, 'ஓடினவனும் உள்ளே ஏதோ கட்டியிருந்தான்' என்று ஒருவர் கட்டாயம் எழும்புவார். துணிக்குக் கீழே வேறொன்றும் இல்லை என்று 51ஆம் வசனமே சொல்லிவிட்டதால் அந்த வாதம் நிற்காது. திருவிவிலியத்தை வாசித்துக் காட்டினால் ஒரு நிமிட வேலை. நூல் முன்னுரையும் அடிக்குறிப்புகளும் இதன் கூடுதல் பலம். பழையதில் மலிவுப் பதிப்பை வாங்கினால் ஒத்துவாக்கியங்கள்கூட (இணையான வசனங்களைக் காட்டும் குறிப்புகள்) இருக்காது. வாங்குவதென்றால் அவை உள்ள பதிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

வேட்பாளர்களுக்கு வருவோம். முதலில் சொல்லப்படுகிற பெயர் மாற்குவே. அப்போஸ்தலர் பணி 12:12இல் யோவான் மாற்குவின் தாய் மரியாளின் வீடு எருசலேமில் இருக்கிறது, அங்கே பலர் கூடி வேண்டுகிறார்கள். அந்த வீட்டு மேல்மாடியில்தான் இராவுணவு நடந்தது, பெடியன் சத்தம் கேட்டு எழும்பி வந்தான் என்று கதை வளரும். பிழை நடக்கிற இடம் இதுதான். இராவுணவு நடந்தது மரியாளின் வீட்டில் என்று எந்த வசனமும் சொல்லவில்லை. அதோடு, மாற்கு ஆண்டவரைக் கேட்டவரும் அல்லர், பின்சென்றவரும் அல்லர் என்ற பழங்கால ஆயர் பப்பியாவின் கூற்றைத் திருச்சபை வரலாறு எழுதிய எவுசேபியு பதிந்து வைத்திருக்கிறார். இதைச் சொல்லாமல் மாற்குவுக்கு வாக்குப் போடுவது நியாயம் இல்லை.

சீடர் யோவான்தான் என்ற பழைய கருத்துக்கு 14:50 குறுக்கே நிற்கிறது: 'எல்லாரும்' ஓடிவிட்டார்கள், அதற்குப் பிறகுதான் இவன் வருகிறான். இயேசு உயிர்ப்பித்த லாசர்தான் என்பவர்கள் அவரது பிரேதத் துணியையும், அவரைக் கொல்லத் திட்டமிட்ட யோவான் 12:10ஐயும் காட்டுவார்கள். கேட்க அழகுதான், ஆனால் மாற்கின் புத்தகத்தில் லாசரே இல்லை.

ஆளைத் தேடாதே, குறிப்பைத் தேடு என்பவர்கள் ஆமோஸ் 2:16க்குப் போவார்கள்: வீரரில் தைரியசாலியும் அந்நாளில் நிர்வாணமாய் ஓடுவான். ஆதியாகமம் 39:12இல் யோசேப்பு ஆடையை விட்டுவிட்டு ஓடினதையும் சேர்க்கலாம். இந்தப் பக்கம்தான் கனம் கூட. எல்லாவற்றையும் விட்டுப் பின்தொடர்ந்தவர்கள் இந்த இரவில் எல்லாவற்றையும் விட்டு ஓடுகிறார்கள், கடைசி ஆள் உடுத்திருந்ததையும் விட்டு. அதே துணியின் பெயர் இயேசுவின் பிரேதத்துக்குப் போகிறது. பெயரைப் போட்டால் இந்தக் கூர் மழுங்கும். ஆனால் ஓடினவனே கல்லறையில் இருந்தவன் என்று அறுதியாகச் சொல்ல ஒரு சொல்லின் ஒற்றுமை மட்டும் போதாது; மத்தேயு 28:2, 5 அந்த இடத்தில் தேவதூதன் என்கிறது.

ஒரு நுணுக்கம், யாழ்ப்பாணத்தில் தவறிப்போவது: பங்குனிப் புழுக்கத்தில் இருந்து வாசிப்பவருக்கு ஒற்றைத் துணியோடு திரிவது புதினமாகத் தெரியாது. எருசலேமில் அந்த இரவு குளிர். பேதுரு நெருப்புக் காய்ந்ததை 14:54உம் 67உம் சொல்கின்றன. அந்தக் குளிரில் இப்படி வந்தவன் ஆயத்தமாக வந்தவன் அல்லன்.

கூட்டம் நடத்துபவர்களுக்கு: இரண்டு பைபிளும் மேசையில் இருக்கவேண்டும், ஒன்று போதாது. முதலில் 14:43 முதல் 16:8 வரை பழையதில் நிறுத்தாமல் சத்தமாக வாசியுங்கள், இருபது நிமிடத்துக்குள் முடியும். பிறகு மூன்று இடத்தையும் திருவிவிலியத்தில். அதற்குப் பிறகுதான் பெயர்கள். பெயரோடு தொடங்கினால் ஆளாளுக்குக் கட்சி பிரிந்துவிடும். கைபேசியில் கிரேக்கச் சொல்லடைவு இருந்தால் ஸ்ட்ராங் எண் (மூலமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் இட்ட எண்) 4616 துணிக்கு, 3495 வாலிபனுக்கு. இலவசத் தமிழ்ச் செயலிகளில் பெரும்பாலும் பழைய திருப்புதல்தான் இருக்கும், குறிப்பு ஏதும் இல்லாமல்.

பூசையில் கேட்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். மாற்கின் பாடுகள் குருத்து ஞாயிறில் வாசிக்கப்படுவது மூன்றாண்டுக்கு ஒருமுறை. அடுத்தது 2027 பங்குனி (மார்ச்) 21. அன்றைக்குச் சுருக்க வாசகத்தை எடுத்தால் அது 15ஆம் அதிகாரத்தில் தொடங்கும். பெடியன் அதற்கு முன்னமே ஓடிப்போயிருப்பான். நீண்ட வாசகத்தைப் போடச் சொல்லி பங்குச் சுவாமியிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.