கல்லீரல் தழும்பு: ஊசியா, ஸ்கேனா, ரத்தப் பரிசோதனையா?

கொழுப்புக் கல்லீரல் என்று அறிக்கை வந்ததும், தழும்பு எவ்வளவு, அது வளருமா என்று அறிய மூன்று வழிகள் சொன்னார்கள்: பயாப்ஸி (ஊசியால் கல்லீரலில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது), ரத்தப் பரிசோதனை, ஃபைப்ரோஸ்கேன் (அதிர்வலை அனுப்பிக் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஸ்கேன்). நான் ஃபைப்ரோஸ்கேன் பக்கம் போனேன், மூன்று ஆண்டுகளாக அதையே எடுக்கிறேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

அளக்க வேண்டியது எது? கல்லீரல் செல்களைத் தாங்கி நிற்க, கட்டடத்துக்குக் கட்டும் சாரம் போல, மெல்லிய புரதச் சாரம் ஒன்று இருக்கிறது. கல்லீரல் தொடர்ந்து அடிபட்டால், வைட்டமின் ஏ-யைச் சேர்த்துவைத்துக்கொண்டு சும்மா கிடந்த ஸ்டெல்லேட் செல்கள் உருமாறி, கொலாஜன் என்ற நார்ப் புரதத்தை அள்ளிக் கொட்டும். பழைய கொலாஜனைக் கரைக்கும் நொதிகளை டிம்ப்-1 என்ற புரதம் தடுத்துவிடும். வரவு கூடி, செலவு முடங்கிய கணக்கு. சாரம் தடித்து இறுகும். அதுதான் தழும்பு.

பயாப்ஸியைப் பற்றி நீட்டத் தேவையில்லை. திசுவை நேரடியாகப் பார்த்து, எஃப்0 (தழும்பே இல்லை) முதல் எஃப்4 (முற்றிய தழும்பு) வரை தரம் பிரிப்பது அது ஒன்றுதான். ஆனால் ஊசியில் வரும் துண்டு, கல்லீரலில் ஏறக்குறைய 50,000-இல் ஒரு பங்கு. தழும்பு எங்கும் ஒரே சீராகப் படியாததால், ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே எப்போதும் பலிக்காது. நான் குத்திக்கொண்டதில்லை, அதனால் வலியைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கில்லை.

ரத்தத்தில் எளியது ஃபிப்-4. வயது, ஏஎஸ்டி, ஏஎல்டி (கல்லீரல் அடிபட்டால் ரத்தத்தில் கூடும் இரண்டு நொதிகள்), பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) நான்கையும் வைத்துப் போடும் கணக்கு. 1.3-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் நிம்மதி, 2.67-க்கு மேலே என்றால் கவலை, நடுவில் இருப்பவர்கள் திரிசங்குதான். வயதும் கணக்கில் வருவதால், மற்றவை மாறாவிட்டாலும் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் எண் ஏறும்! அதனால்தான் 65 வயதுக்கு மேல் கீழ்வரம்பை 2.0 என்று வைக்கிறார்கள்.

ஈஎல்எஃப் என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை வேறு ரகம். ஹையலூரானிக் அமிலம், டிம்ப்-1, மூன்றாம் வகை கொலாஜன் உருவாகும்போது கழன்று விழும் துண்டு என்று சாரத்தில் நடக்கும் வேலையின் தடயங்களையே அளக்கிறது. கொள்கையளவில் ஸ்கேனுக்குச் சரியான போட்டி இதுதான். நான் செய்து பார்க்கவில்லை என்பதால் இதோடு விடுகிறேன்.

சரி, ஸ்கேன். விலாவுக்கிடையில் கருவி லேசாக ஒரு தட்டு தட்டும். அந்த அதிர்வலை எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு இறுக்கம்; அதைக் கிலோபாஸ்கல் என்ற அலகில் சொல்வார்கள். அளக்கும் பகுதி பயாப்ஸித் துண்டைப் போல நூறு மடங்கு. ஆனால் என்னைச் சாய்த்தது இதுவல்ல. நோய் எந்தப் பக்கம் போகிறது என்று கணிக்க ஒரு எண் போதாது, வரிசை வேண்டும். ஆண்டுதோறும் ஊசி குத்த யார் சம்மதிப்பார்கள்? தட்டிக்கொள்ள யாரும் தயங்க மாட்டார்கள்.

அந்த வரிசையும் ஒரே நிபந்தனையில் எடுத்தால்தான் பேசும். முதல்முறை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனேன், யாரும் தடுக்கவில்லை. 11.2 வந்தது. அன்று இரவு தூக்கம் போனது. அடுத்த வாரம் வெறும் வயிற்றில் 9.6. சாப்பிட்டதும் கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடும், இறுக்கமும் கூடிக் காட்டும், அவ்வளவுதான். குறைந்தது மூன்று மணி நேரம் பட்டினி, செல்லுபடியாகும் பத்து அளவீடுகள், ஒவ்வொரு முறையும் அதே ரக ப்ரோப் (விலாமேல் வைக்கும் முனை) என்று இப்போது கறாராக இருக்கிறேன். அழற்சி, இதயச் செயலிழப்பால் வரும் ரத்தத் தேக்கம், பித்தநாள அடைப்பு இருந்தாலும் எண் எகிறும். ஏஎல்டி உச்சத்தில் இருக்கும்போது ஸ்கேன் எடுப்பது வீண்.

எடை குறைத்த பிறகு 8.9, அப்புறம் 7.4. 9.6-லிருந்து 8.9-க்கு வந்ததை நான் கொண்டாடவில்லை, அவ்வளவு ஆட்டம் கருவியிலேயே இருக்கும். 7.4 வந்தபோதுதான், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது என்று நம்பினேன். தழும்பு கரைந்ததா, அழற்சி மட்டும் அடங்கியதா என்று ஸ்கேன் பிரித்துச் சொல்லாது. நாளைக்கு ஸ்கேன் ஒன்று சொல்லி ரத்தம் வேறு சொன்னால், அல்லது கொழுப்போடு வேறு கல்லீரல் நோயும் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், ஊசிக்குப் படுத்துவிடுவேன்.