பழனி பஞ்சாமிர்தம், அரை கிலோ டப்பா: மலைவாழை போடுகிறவன் பார்வையில்

கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடிப் பக்கம் காப்பிக்கு ஊடே எங்களுக்கு மலைவாழை இருக்கிறது. அதனால் பஞ்சாமிர்தத்தை நான் முதலில் பழமாகத்தான் பார்ப்பேன், அப்புறம்தான் பிரசாதமாக. தேவஸ்தான ஸ்டாலில் வாங்கிய அரை கிலோ டப்பாவைப் பற்றித்தான் இது.

மூடியைத் திறந்ததும் ஏலக்காய் வாசம், சற்றுப் பின்னால் நெய். கரண்டியைச் சாய்த்தால் உடனே விழாது, மெதுவாக இறங்கும். நடுநடுவே பேரீச்சையும் கல்கண்டும் கடிபடும். இந்தக் கெட்டித்தன்மைக்குக் காரணம் விருப்பாச்சி என்ற மலைவாழைப் பழம். நீர்ச்சத்து குறைவு, தோல் கறுத்துச் சுருங்கினாலும் சதை குழையாது. நாட்டுச் சர்க்கரையும் நெய்யும் தேனும் சேர்த்துப் பிசைய ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். தண்ணீர் சேராமல் இனிப்பும் தூக்கலாக இருப்பதால்தான் ஃபிரிட்ஜ் இல்லாமலே தாங்குகிறது. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதங்களில் இதுதான் முதல்.

சுவைக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்குத் தகராறு டப்பாவோடு ஒட்டி வரும் கதையில்தான். மூலவர் சிலையைப் போகர் என்ற சித்தர் நவபாஷாணத்தால், அதாவது ஒன்பது விஷப்பொருள்களைச் சேர்த்து, செய்தார், அதன்மேல் பட்டது எல்லாம் மருந்து என்பார்கள். இரவில் சாத்திய சந்தனத்தைக் காலையில் வாங்க அதற்காகவே கூட்டம் நிற்கும். பாஷாணப் பட்டியலில் வரும் லிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது, தாளகம் ஆர்செனிக் கலந்தது. சித்தர் சுத்தி செய்துவிட்டார் என்பது பதில். சாமியைச் சுரண்டி லேபுக்கு அனுப்பவா முடியும்? அதனால் உண்டு என்றும் நிரூபிக்க முடியாது, இல்லை என்றும் முடியாது.

இதில் ஒரு வேடிக்கை. கதை உண்மையாகவே இருந்தாலும் டப்பாவில் வருவது தேவஸ்தானம் மெஷின் வைத்துத் தயாரிப்பது, சிலையைத் தொட்டதே இல்லை. இதை அத்தையிடம் சொன்னேன். "அவன் பேரைச் சொல்லிக் கிண்டுனதுடா, போதாதா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டார்.

அந்தப் பதிலை என்னால் லேசில் தள்ள முடியவில்லை. எங்கள் மலையில் வாழைக்கு முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்த காலம் உண்டு. அசுவினிப் பூச்சி பரப்புகிற வைரஸ். இலையெல்லாம் உச்சியில் குறுகிக் கொத்தாகிவிடும், தார் தள்ளாது, மரத்தைப் பிடுங்கிப்போடுவதைத் தவிர வழியில்லை. அத்தனைக்கும் பிறகு இந்த ரகத்துக்குக் கன்று தேடி நடுகிறார்கள் என்றால், இந்தப் பழம்தான் வேண்டும் என்று கேட்க பழனி இருப்பதும் ஒரு காரணம். ஒரு மிட்டாய்க் கம்பெனி கேட்டிருந்தாலும் நட்டிருப்போம், வாஸ்தவம்தான். ஆனால் விலை ஏறிய வருஷமே கம்பெனி சல்லிசான பழத்துக்குத் தாவியிருக்கும். பக்குவத்தை மாற்றினால் சாமி குத்தம் என்ற பயம் கம்பெனிக்கு ஏது? போகர் கதைக்கு இதில் எந்த ஆதாரமும் கிடைக்காது. நம்பிக்கைக்கு ஒரு மதிப்பு உண்டு என்று நான் ஒத்துக்கொள்வது இந்த ஒரு கணக்கில்தான்.

அதையும் முழுசாக நம்பாதீர்கள். அடிவாரத்தில் ஒரு தனியார் கடையில் வாங்கிய டப்பா ரசம் மாதிரி ஓடியது, பழமும் மலைப்பழம் இல்லை. கல்லாவுக்கு மேலே ஆளுயர முருகன் படம், புது மாலை, ஊதுபத்தி எல்லாம் இருந்தது. கேட்டதற்கு, "பிரசாதத்துல குத்தம் பாக்கக்கூடாதுங்கண்ணே" என்றார் கடைக்காரர். பக்தியை வைத்துத் தரத்தைக் காப்பாற்றுகிறவனும் உண்டு, கேள்வி கேட்கிறவன் வாயை அடைக்கிறவனும் உண்டு. நான் வாங்குவது தேவஸ்தான ஸ்டாலில் மட்டும்தான்.

சப்பாத்திக்கு ஜாமைவிட நன்றாக இருக்கும், தோசைக்கு வேண்டாம். ஈரக் கரண்டி போட்டால் சீக்கிரம் புளித்துவிடும்.

ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். அரை குறைத்தது தகர டப்பா விளிம்புக்காக. பார்த்துத் திறவுங்கள், விரலைக் கிழிக்கும். சர்க்கரை வியாதிக்காரர்கள் அரைக் கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "மருந்துதானே, ஒண்ணும் செய்யாது" என்று அத்தை மாத்திரையை ஒளித்துவைத்தது தனிக் கதை; டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நான்.