செயின்ட் நிக்கோலஸ் அபேயா, டெவன் ஹவுஸா?

கரீபியன் தீவுகளின் இந்த இரண்டு பழைய மாளிகைகளில் எது சிறந்தது? பழமையில் பார்படாஸின் செயின்ட் நிக்கோலஸ் அபேதான் முந்தும். பெயரில்தான் மடம், உண்மையில் 1658 வாக்கில் எழுந்த கரும்புத் தோட்ட மாளிகை. வளைந்து நெளியும் முகட்டுச் சுவர்கள் கொள்ளை அழகு. ஆனால் வெயில் கொளுத்தும் தீவில் கணப்பு அடுப்பும் புகைபோக்கியும் வைத்து, அச்சு அசலாக இங்கிலாந்து வீடாகவே கட்டியிருக்கிறார்கள். அடிமைகளாக வதைபட்டவர்களின் உழைப்பில் கொழித்த வீடு என்பதையும் மறக்க முடியாது.

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் உள்ள டெவன் ஹவுஸ் 1881இல் வந்தது. கட்டியவர் ஜார்ஜ் ஸ்டீபல், வெனிசுவேலா தங்கத்தில் சம்பாதித்த கறுப்பினக் கோடீஸ்வரர். அகன்ற தாழ்வாரம், காற்று புகும் பலகைச் சட்ட ஜன்னல்கள் என்று ஊர் வெயிலை உணர்ந்து கட்டிய வீடு.

என் ஓட்டு டெவன் ஹவுஸுக்குத்தான். அப்புறம், அந்த வளாகத்து ஐஸ்கிரீமை விட்டுவிடாதீர்கள்.