கொடைக்கானல் குளிருக்கு எந்த மிளகாய், எந்தப் பூரணம்?

டிசம்பர் பிறந்துவிட்டால் கொடைக்கானலில் வீட்டுக்கு வீடு விருந்துதான். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, போதாததற்குக் கீழேயிருந்து ஏறி வரும் சொந்தக்காரர்கள். சாப்பாட்டுக்கு முன்னால் கையில் எடுத்துக் கடிக்கச் சூடாக ஏதாவது வேண்டும். மிளகாய் பஜ்ஜி எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் இருபது பேருக்கு பஜ்ஜி போடுகிறவர் கடைசிவரை அடுப்படியிலேயே நிற்க வேண்டும். அதுவும் பனி இறங்கும் நேரத்தில் வெளியே எடுத்துப் போனால் மேல்மாவு சீக்கிரம் பதத்துப் போகும். அதே மிளகாயைக் கீறி, பூரணம் அடைத்து, ஓவனில் வைத்தால் ஒரே தட்டில் எல்லாம் வெந்து வந்துவிடும், சமைத்தவரும் வந்து உட்கார்ந்து பேசலாம். எனக்கு இந்தப் பலகாரத்தின் மேல் அவ்வளவு பிரியம் வந்ததே அதனால்தான்.

சமையல் வீடியோக்களில் இதைக் கடித்ததும் சீஸ் நூல்நூலாக இழுபடும். சென்னைக்கு அது சரி. இங்கே டிசம்பர் இரவில் வெளியே 10 டிகிரிக்குக் கீழேயும் போகும். தட்டு சமையலறையை விட்டு வந்து, வராந்தாவில் எல்லார் கைக்கும் போய்ச் சேர்வதற்குள் பத்து நிமிஷம் ஓடிவிடும். அதனால் அடுப்பிலிருந்து எடுத்தவுடன் எப்படி இருக்கிறது என்பதைவிட, ஆறின பிறகு எப்படி இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மிளகாயையும் பூரணத்தையும் அந்தக் கணக்கில்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

மூன்று மிளகாய்கள்

பஜ்ஜி மிளகாய், குடைமிளகாய், ஹாலபீனோ மூன்றும் தாவரவியல்படி ஒரே இனம்தான். குணத்தில்தான் எட்ட நிற்கின்றன. 1912இல் அமெரிக்க மருந்தியலாளர் வில்பர் ஸ்கோவில் வகுத்த காரக் கணக்குப்படி ஹாலபீனோ 2,500 முதல் 8,000 வரை, குடைமிளகாய் பூஜ்ஜியம். பஜ்ஜி மிளகாய் பொதுவாகச் சாது. ஆனால் ஒரே கூறில் வாங்கினதிலும் ஒன்று சாதுவாக இருக்கும், பக்கத்தில் கிடந்தது சுள்ளென்று ஏறும்.

மேல்நாட்டுக் குறிப்புகளில் ஹாலபீனோவுக்குத்தான் முதல் மரியாதை. சதை தடிமன், அடைக்கத் தோதான அளவு, சுட்டாலும் வடிவம் குலையாது. சிக்கல் கிடைப்பதில்தான். இங்கே சுலபமாகக் கிடைப்பது வினிகரில் ஊறி, வட்ட வட்டமாக நறுக்கிப் பாட்டிலில் வருவது. அதில் எதை அடைப்பது? புதுக்காய் எங்காவது கண்ணில் பட்டால் தாராளமாக வாங்குங்கள், தேடி அலைய வேண்டாம்.

குடைமிளகாய் எப்போதும் கிடைக்கும், குழந்தைகளும் பயமில்லாமல் சாப்பிடுவார்கள். ஆனால் கையில் எடுத்துக் கடிக்கும் பலகாரத்துக்கு அது பெரிசு. நான்காக நறுக்கிப் படகு மாதிரி வைத்து மேலே பூரணத்தைப் பரப்பலாம். அப்போதும் நீர் அதிகம் விட்டு, ஆறினதும் அடியில் ஈரம் தேங்கிவிடும். இதைத் தட்டு, ஸ்பூனோடு மேஜையில் பரிமாறுவதுதான் முறை.

என் தேர்வு பஜ்ஜி மிளகாய். மலைக்குக் கீழே ஒட்டன்சத்திரம் சந்தை இருக்கிறவரை அதற்குப் பஞ்சம் வராது. காம்பைப் பிடித்துத் தூக்கலாம், இரண்டு கடியில் முடிந்துவிடும், சதை மெல்லிசாக இருப்பதால் பதினைந்து நிமிஷத்தில் வெந்தும் விடும். நீளத்தைவிடத் தோள்பட்டை அகலமாக இருப்பதைப் பார்த்துப் பொறுக்குங்கள், பூரணம் தங்க அதுதான் வாகு.

காரம் விதையில் இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்தான் ஊறுகிறது. ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் கீறி, சின்ன ஸ்பூனின் காம்பால் அந்த வெள்ளையை வழித்து எடுத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. ருசி பார்க்க நுனியைக் கிள்ளி வாயில் போடுவதில் பலன் இல்லை, வெள்ளைச் சதை அதிகம் சேர்ந்திருப்பது காம்புப் பக்கம்தான். அங்கேயிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பாருங்கள். வேலைக்கு முன்னால் விரல்களில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டால், அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவும்போது எரிச்சல் எளிதில் போகும்.

பூரணம்

வெற்றி தோல்வியை முடிவு செய்வது இதுதான். போட்டியில் இருப்பவை சீஸ், பன்னீர், உருளைக்கிழங்கு.

சீஸ் கொடைக்கானலிலேயே தயாராகிறது, மொஸரெல்லாவும் செடாரும் ஊருக்குள்ளேயே வாங்கலாம். மொஸரெல்லாவைத் தனியாக அடைத்தால் சூட்டில் அருமை. ஆனால் பால் கொழுப்பு 35 டிகிரிக்குக் கீழே வந்தாலே இறுக ஆரம்பிக்கும். நம் வராந்தாக் குளிரில் ஐந்து நிமிஷத்தில் அது ரப்பராகிவிடுகிறது. செடாருக்கு மணமும் உப்பும் நிறைவு, ஆனால் தனியாகப் போட்டால் எண்ணெய் பிரிந்து, கீறின வாய் வழியாகத் தட்டில் ஒழுகிவிடும். மிளகாய்க்குள் மிஞ்சுவது பாதிதான்.

பன்னீர் ஒழுகாது. எலுமிச்சையோ வினிகரோ விட்டுத் திரிக்கிற பால்கட்டி எவ்வளவு சுட்டாலும் உருகாது. ஆறின பிறகும் அப்படியே இருக்கும் என்பது பெரிய ஆதாயம்தான். ஆனால் ஓவனில் ஈரம் வற்றி உதிரி உதிரியாகிவிடுகிறது, மசாலாவும் உள்ளே இறங்குவதில்லை. கூடக் கொஞ்சம் கெட்டிப் பாலாடை பிசைந்தால் தேறும்.

உருளைக்கிழங்கு மட்டும் என்றால் அது பஜ்ஜிக் கடை ருசி. குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் விருந்து என்கிற எடுப்பு வராது. கிழங்கையும் செடாரையும் சேர்த்தால் கதையே வேறு. கிழங்கின் மாவுச்சத்து, உருகும் கொழுப்பைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். சீஸ் ஒழுகாது, ஆறினாலும் ரப்பராகாது, கிழங்கும் வறட்டாது. 200 கிராம் வேகவைத்து மசித்த கிழங்குக்கு 100 கிராம் துருவிய செடார் என்பது என் அளவு. இது ஏறக்குறைய பன்னிரண்டு மிளகாய்க்கு வரும். கொஞ்சம் ஓமம், தாண்டிக்குடிப் பக்கத்து மிளகு பொடித்தது, நறுக்கிய மல்லித்தழை. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள், செடாரிலேயே உப்பு உண்டு.

பூண்டு இல்லாமல் இதைச் செய்ய எனக்கு மனசு வராது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பூம்பாறைப் படிவயல்களில் விளையும் அந்தப் பூண்டின் காட்டமான மணத்துக்கு ஆறு பல் போதும். ஆனால் பச்சையாகப் போடாதீர்கள். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஓவன் 200 காட்டினாலும், பூரணத்தில் ஈரம் இருக்கிறவரை உள்சூடு அந்த 93ஐத் தாண்டாது. பதினைந்து நிமிஷத்தில் பச்சைப் பூண்டும் வெங்காயமும் பச்சையாகவே நிற்கும். வெண்ணெயில் பொன்னிறமாக வதக்கிவிட்டுச் சேருங்கள். கிழங்கைத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்தால் இங்கே நேரம் இழுக்கும், குக்கர்தான் நல்லது.

சுடுவது

ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன் இருந்தால் வேறு யோசனை வேண்டாம். பண்டிகை நாளில் ஊரே ஹீட்டரும் கீசரும் போட்டு வோல்டேஜ் இறங்குகிற சாயங்காலத்தில் முன்சூட்டுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் கொடுங்கள். ரஸ்க்கைப் பொடித்து, உருக்கின வெண்ணெயில் பிசிறி, கீறின வாயின் மேல் அழுத்தி வையுங்கள். 200 டிகிரியில் பதினைந்து நிமிஷம், அப்புறம் மேல்கம்பி மட்டும் எரியும்படி இரண்டு மூன்று நிமிஷம். ரஸ்க் சிவந்து, மிளகாய்த் தோலில் அங்கங்கே கருப்புப் புள்ளி விழுந்தால் பதம்.

ஏர் ஃப்ரையரிலும் நன்றாகவே வரும், ஒரு தடவைக்கு ஏழெட்டுதான் கொள்ளும். நான்கு பேர் வீட்டுக்கு அதுவே போதும், விருந்துக்கு மறுபடியும் அடுப்படியில் நிற்கிற கதைதான். மைக்ரோவேவ் வேண்டாம், மிளகாய் துவண்டுவிடும். தோசைக்கல்லில் மூடி போட்டுச் சுட்டால் அடி கருகும், மேலே சிவக்காது, மூடிக்குள் சேர்ந்த ஆவி ரஸ்க்கை நனைத்துவிடும். ஓவன் இல்லாத வீட்டில் பேசாமல் பஜ்ஜியே போடலாம் என்பேன்.

காலையிலேயே அடைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, சுடுவதற்கு அரைமணி முன்னால் வெளியே எடுங்கள், ரஸ்க்கை அப்போது வைத்தால் போதும்.

தொட்டுக்கொள்ளத் தக்காளி சாஸைவிடக் கெட்டித் தயிரில் புதினா அரைத்துக் கலந்தது பொருத்தம். சாஸின் இனிப்பு செடார் மணத்தை அமுக்கிவிடுகிறது. தயிருக்கு இன்னொரு வேலையும் உண்டு. மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, பால் புரதம்தான் அதை நாக்கிலிருந்து கழற்றி எடுக்கும். எவ்வளவு வழித்தாலும் ஏதாவது ஒன்று யாருக்காவது சுள்ளென்று ஏறத்தான் செய்யும், அவர் கையில் சொம்புத் தண்ணீரைக் கொடுக்காமல் அந்தத் தயிர்க் கிண்ணத்தை நகர்த்துங்கள்.